"கரி ஃபேவர்" என்றால் கறி கொடுத்துக் காரியம் சாதிப்பதா?

ஜூரோங் கிடங்குக்காரன்:

வணக்கம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தொடங்கியவன். இப்போது எனக்குக் கீழே ஒன்பது பேர். போன வெள்ளிக்கிழமை ஆண்டு மதிப்பீட்டுத் தாளைக் கையெழுத்துக்குக் கொடுத்தார்கள். மேலாளர் எழுதியதில் மூன்றாவது வரி: "ஹீ டஸ் நாட் கரி ஃபேவர் வித் எனிபடி." கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் "கரி" மட்டும் மீன்முள்ளைப் போலத் தொண்டையில் நின்றுவிட்டது.

காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் ஓய்வறை மைக்ரோவேவில் மீன் குழம்பைச் சூடாக்கினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. உள்ளே எங்கும் தெறித்துவிட்டது. எலுமிச்சைத் தோல் வைத்துத் துடைத்தும் வாடை போகவில்லை. மறுநாள் காலை மைக்ரோவேவ் கதவில் ஒரு தாள்: வாடை வரும் உணவைச் சூடாக்கக் கூடாது. பெயர் போடவில்லை. ஆனால் எங்கள் தளத்தில் குழம்பு கொண்டுவருபவன் நான் ஒருவன்தான். இப்போது மதிப்பீட்டுத் தாளிலும் கறி! இது குத்தலா, குற்றச்சாட்டா?

மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், கேட்டால் சொல்வாள். அப்பனின் மதிப்பெண்ணைப் பிள்ளை பார்ப்பது எனக்குச் சரிப்படவில்லை. "ஸ்மால் பொட்டேட்டோஸ்" என்றால் அற்பம், "பிரெட் அண்ட் பட்டர்" என்றால் பிழைப்பு என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகியவை. இது மட்டும் பிடிபடவில்லை.

உட்லண்ட்ஸ் டீச்சர்:

தம்பி, முதலில் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அது பாராட்டு. "இவர் யாரையும் காக்காய் பிடித்துக் காரியம் சாதிப்பவர் அல்ல" என்று எழுதியிருக்கிறார். இந்தக் காலத்தில் அப்படி எழுதும் மேலாளர் அமைவதே அபூர்வம்.

அந்தக் "கரி" நம் கறி அல்ல. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு சொல். குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது என்று பொருள். நம் கறி ஆங்கிலத்துக்குள் நுழைவதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் முன்பே அது அங்கே இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஒரு நையாண்டிக் கவிதை எழுதப்பட்டது. அதில் ஃபோவெல் என்று ஒரு குதிரை. முகத்துதி, பேராசை, பொறாமை முதலிய ஆறு தீய குணங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள். நாட்டிலுள்ள பெரிய மனிதர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அதைத் தேய்த்துவிடுவார்கள். ஆங்கிலேயர் அதைக் "கரி ஃபாவெல்" என்றார்கள். பிறகு குதிரை மறந்துபோயிற்று. "ஃபாவெல்" என்ற சொல் புரியாததால், 1500களில் அதைத் தங்களுக்குத் தெரிந்த "ஃபேவர்" ஆக்கிவிட்டார்கள்.

நாம் மட்டும் என்ன? கால் கை பிடிப்பதுதான் காக்காய் பிடிப்பது ஆயிற்று என்பார்கள். காகம் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"ஹம்பிள் பை" சாப்பிடுவதும், அதாவது தலைகுனிந்து தவறை ஒப்புக்கொள்வதும், இந்த வகைதான். மான் குடலையும் ஈரலையும் "அம்பிள்ஸ்" என்பார்கள். அதை உள்ளே வைத்துச் சுட்ட "பை" என்ற மாவுப் பண்டம், ஒலி ஒற்றுமையால் பணிவின் பை ஆகிவிட்டது.

பழைய லாயக்காரன்:

டீச்சர் அம்மா சொன்னபடி குதிரையைத் தேய்க்கும் சீப்பைக் கையில் பிடித்தவன் நான். கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் சைஸ் வேலை, அதாவது குதிரைகளைப் பராமரிக்கும் வேலை, பார்த்தேன். 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் நடக்கும்வரை அங்கேதான்.

ரப்பரில் வட்டமாக, பல் பல்லாக இருக்கும். பெயர் "கரி கோம்ப்". கழுத்திலிருந்து தொடங்கி வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். காய்ந்த சேறும் உதிர்ந்த முடியும் புழுதியாக மேலே எழும். முகத்திலும் கால் எலும்பிலும் படவே கூடாது. தோள்பட்டைக்குப் பின்னால் ஓரிடம் உண்டு. அங்கே தேய்த்தால் குதிரை கழுத்தை நீட்டிக் கீழ் உதட்டைத் தொங்கவிடும். கண் பாதி மூடிக்கொள்ளும். அந்த முகத்தைப் பார்த்தவனுக்கு, புகழ்ச்சியில் மயங்கிய பெரிய மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், அண்ணன். நான் தேய்த்த குதிரைகள் எதுவும் எனக்குச் சம்பள உயர்வு கொடுக்கவில்லை.

தேக்கா மிளகு:

எல்லாவற்றையும் குதிரைமேல் ஏற்றிவிடாதீர்கள். நம் அடுப்பிலிருந்து போனவையும் உண்டு. சங்கப் பாடல்களில் கறி என்பது மிளகையும் குறிக்கும். நம் மிளகுத்தண்ணீர்தான் ஆங்கிலத்தில் "மல்லிகடானி" என்ற சூப் ஆனது. அதைக் குடித்துக் குடித்தே சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கு "மல்" என்று பட்டப்பெயர் விழுந்தது. பம்பாய் மாகாணத்து ஆங்கிலேயரை "டக்ஸ்" (வாத்துகள்) என்றார்கள். சென்னை ஆங்கிலேயர் நம் ரசத்தால் கேலிக்கு ஆளானார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி, மறைக்க மாட்டேன்.

பெரிய ஆளைச் சொல்லும் "பிக் சீஸ்" பாலாடைக் கட்டி அல்ல. அதிலுள்ள ஆங்கிலச் "சீஸ்" பெரும்பாலும் உருதுவின் "சீஸ்", அதாவது பொருள், என்பதிலிருந்து வந்தது என்று 1886இலேயே ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி ஒன்று எழுதிவிட்டது. ஆங்கிலத்தில் சாப்பாட்டுப் பெயரைக் கேட்டால் உடனே தட்டை நீட்டாதீர்கள். நம் சிங்கப்பூர் "சோத்தோங்" மட்டும் அசல் கணவாய் மீன்தான். ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நிற்பவனுக்கு நாம் வைத்த பெயர், 2016இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதிக்கே போய்விட்டது.

ஜூரோங் கிடங்குக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் சோத்தோங்காக இருந்திருக்கிறேன்.

இன்று தேநீர் இடைவேளையில் மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். குதிரைக் கதையையும் சொன்னேன். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சீன மொழியிலும் முகத்துதிக்கு "பாய் மா பீ" என்றுதான் சொல்வார்களாம்: குதிரையின் பின்புறத்தைத் தட்டிக்கொடுப்பது. "உங்கள் ஆட்கள் மட்டும் ஏன் காகத்தைப் பிடித்தார்கள்?" என்று கேட்டார். கால் கை கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்.

மைக்ரோவேவில் ஒட்டிய தாள் எனக்குத்தானா என்றும் கேட்டேன். அது எனக்கேதான் என்றார்.