ஹனோயில் சாலையைக் கடப்பது: நிற்காமல் நடப்பதா, சிக்னலைத் தேடுவதா?

கதிரவன்:
வியட்நாம் தலைநகர் ஹனோய்க்குப் போகிறவர்களிடம் விடுதிக்காரர்கள் சொல்வது இதைத்தான்: சாலை காலியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள், இறங்கி, ஒரே சீராக மெல்ல நடங்கள், ஓடாதீர்கள், பின்வாங்காதீர்கள். இது முற்றிலும் சரியான அறிவுரை. அங்கே சாலையை நிறைப்பவை மோட்டார்சைக்கிள்கள். ஓட்டுபவர் தொலைவிலேயே உங்கள் நடையைக் கணித்து, முன்னாலோ பின்னாலோ விலகிவிடுகிறார். நீங்கள் சட்டென்று நின்றால்தான் அவர் கணக்குத் தப்புகிறது. ஹோன் கியெம் ஏரியின் வடமுனைச் சதுக்கத்தில் உள்ளூர்க்காரர்களைக் கவனியுங்கள். கையைத் தாழ நீட்டி, வண்டி வரும் பக்கமே பார்த்தபடி, நடையின் வேகம் மாறாமல் கடந்துவிடுகிறார்கள்.

செந்தாமரை:
எதிரே வருபவர் விலகுவார் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்கள். 2006 டிசம்பரில், லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் கணிதக் கல்வி மாநாட்டுக்காக ஹனோய் சென்றிருந்தார். சாலையைக் கடக்கும்போது மோட்டார்சைக்கிள் மோதி மூளையில் பலத்த காயம். அப்போது அவருக்கு வயது 78. அதன்பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மூட்டுவலியோடு நடக்கும் என் அம்மாவிடம் "ஒரே சீராக நடங்கள்" என்று எப்படிச் சொல்வேன்?

கதிரவன்:
அந்த விபத்து கொடுமையானது, மறுக்கவில்லை. ஆனால் பழைய நகரப் பகுதியின் குறுகிய தெருக்களில் பல இடங்களில் சிக்னலே இல்லை. அங்கே ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தால் பொழுதுதான் போகும்.

சைகோன்வாசி:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். மோட்டார்சைக்கிள் விலகும், பஸ் விலகாது, காரும் அப்படித்தான். அவற்றுக்கு நின்று வழிவிடத்தான் வேண்டும். அடுத்தது, இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகின்றன. நம் ஊர்ப் பழக்கத்தில் கழுத்து முதலில் வலப்புறம் திரும்பும். ஆபத்தோ இடப்புறத்திலிருந்து வரும். எங்கள் சைகோனில் (ஹோ சி மின் நகரில்) பென் தான் சந்தையிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வரும் நம்மவர்கள் பலர் இப்படித் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

2025 ஜனவரி 1 முதல், சிவப்பு விளக்கை மீறும் மோட்டார்சைக்கிளுக்கு அபராதம் 40 முதல் 60 லட்சம் டாங் (வியட்நாம் நாணயம்). முன்பு 8 முதல் 10 லட்சம்தான். அதன்பின் சிக்னலில் வண்டிகள் ஒழுங்காக நிற்பதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். ஆனாலும் அனுமதியுள்ள சந்திப்புகளில் சிவப்பிலும் வலப்பக்கம் திரும்புவார்கள். உங்களுக்குப் பச்சை விழுந்த பிறகும் அந்தப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

செந்தாமரை:
அப்படியானால் கூடுதலாக நடந்தாலும் சிக்னலுக்குப் போய்க் கடப்பதே முறை. இளைஞர்களின் துணிச்சலை எல்லோருக்குமான விதியாக்காதீர்கள்.

கதிரவன்:
சிக்னல் இருக்கும் இடத்தில் அதை விட்டுவிட்டு நடக்கச் சொல்லவில்லை. பஸ், கார் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆனால் சிக்னல் இல்லாத தெருவில், மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே பாதியில் நிற்பதைவிட நடப்பதே பாதுகாப்பு. இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

செந்தாமரை:
எனக்கு இருக்கிறது. அத்தகைய தெருவில் அம்மாவை டாக்ஸியில் ஏற்றி எதிர்ப்பக்கம் கொண்டுபோய் இறக்குவேன்.