14.5 கெல்வின் மீக்கடத்தி, ஆனால் மயோரானாவைத் தேடியது 0.55 கெல்வினில். ஏன்?

பனித்துளி:
இரும்பு, டெல்லூரியம், செலினியம் கலந்த படிகம் சுமார் 14.5 கெல்வினிலேயே மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாத பொருள், ஆகிவிடுகிறது. 2018இல் அதன் சுழல்களின் (காந்தப்புலம் உள்ளே ஊடுருவும் இடங்கள்) நடுவில் மயோரானா நிலை, அதாவது தனக்குத் தானே எதிர்த்துகளாக நடந்துகொள்ளும் பூஜ்ய ஆற்றல் நிலை, தெரிந்தது என்று வந்த கட்டுரையைப் புரட்டினேன், அளந்தது 0.55 கெல்வினில். 14 வரை இடமிருக்கும்போது எதற்கு இவ்வளவு குளிர்விக்க வேண்டும்?

கோணல்ஸ்பின்:
14 வரை இடமிருக்கிறது என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். அது மீக்கடத்தல் தாக்குப்பிடிக்கும் எல்லை, அவ்வளவே. சுழலுக்குள் மயோரானா தனியாக இருப்பதில்லை, பக்கத்திலேயே சாதாரணக் கட்டுண்ட நிலைகள் படிக்கட்டு மாதிரி நிற்கும். முதல் படி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் கேள்வி. மீக்கடத்தி இடைவெளியின் (எலக்ட்ரான் ஜோடியைப் பிரிக்கத் தடையாக நிற்கும் ஆற்றல்) வர்க்கத்தை ஃபெர்மி ஆற்றலால் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) வகுத்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். இந்தப் படிகத்தின் மேற்பரப்பில் இடைவெளி சுமார் 1.8 மில்லி எலக்ட்ரான் வோல்ட், ஃபெர்மி ஆற்றல் சுமார் 4.4. போட்டுப் பாருங்கள், 0.7 வரும். வழக்கமான உலோகங்களில் ஃபெர்மி ஆற்றலே பல எலக்ட்ரான் வோல்ட் என்பதால் இதே கணக்கு மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லோரும் இந்த இரும்புக் குடும்பத்தின் பின்னால் ஓடுவது அதனால்தான்.

சூடானமூளை:
வெப்பத்தின் பக்கக் கணக்கையும் போடுகிறேன். ஒரு கெல்வினுக்கு 0.086 மில்லி எலக்ட்ரான் வோல்ட். திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் 0.36 ஆகிறது, 0.7இல் பாதிதானே, சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் எஸ்டிஎம் (மேற்பரப்பை அணு அளவில் வருடி அளக்கும் நுண்ணோக்கி) ஊசி பூஜ்ய ஆற்றலில் காட்டும் மயோரானா முகட்டை வெப்பம் அதைப்போல மூன்றரை மடங்கு அகலமாக்கிவிடும், அதாவது 1.27. முதல் படியையும் விழுங்கிவிட்டது. 0.55இல் அதே அகலம் 0.17தான். நீங்கள் சொன்ன கட்டுரையிலேயே பார்த்திருப்பீர்கள், 4.2க்கு வரும்போது முகடு ஏறக்குறைய கரைந்துவிடுகிறது.

பனித்துளி:
ஓ, இப்போது பிடிபட்டது. அப்படியென்றால் இடைவெளி பெரிதாக உள்ள பொருளுக்குத் தாவினால் போதுமா?

கோணல்ஸ்பின்:
தாவியிருக்கிறார்கள். லித்தியம் இரும்பு ஹைட்ராக்சைடு அடுக்குகளுக்கு இடையே இரும்பு செலினைடு வைத்த பொருள் 40 கெல்வினை ஒட்டி மீக்கடத்தியாகிறது, அதன் சுழல்களிலும் பூஜ்ய ஆற்றலில் முகடு தெரிந்தது. சரி, ஆனால் முகட்டைப் பார்த்ததும் மயோரானா என்று துள்ளக் கூடாது. டெல்லூரியம் கலந்த படிகத்திலேயே ஒரு சுழலில் தெரியும், பக்கத்துச் சுழலில் இருக்காது. மயோரானாவைத் தேடும் இன்னொரு களமான நானோகம்பியில், முகடு மயோரானாவுக்குக் கணித்த குவாண்ட உயரத்தில் சரியாக நிற்கிறது என்று 2018இல் வந்த இன்னொரு கட்டுரையை, தரவுகளை மறுபடி அலசிய பிறகு 2021இல் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள்.

சூடானமூளை:
அதனால் 77 கெல்வின், திரவ நைட்ரஜன் என்று யாராவது ஆரம்பித்தால், சுழலுக்குள் முதல் படி எத்தனை மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று கேளுங்கள். அங்கே வெப்பம் மட்டுமே 6.6.