ஒரு வார லீவு, சின்ன பட்ஜெட், பனிமலை: நேபாளம் போய்வந்தவர்கள் சொல்வது

ஜன்னலோரம்:

"லீவு ஒரு வாரம்தான், கையில காசும் அளவாத்தான் இருக்கு, ஆனா பனிமலை பார்க்கணும்" என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது நேபாளம். நமக்கு விசா தேவையில்லை. நம் 100 ரூபாய் அங்கே 160. 1993லிருந்து இந்தக் கணக்கு மாறவே இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அங்கே காசைவிட நாள்தான் வேகமாகக் கரையும். காட்மாண்டு–பொக்காரா சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனால் காலையில் பஸ் ஏறினால் இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். காட்மாண்டு, சித்வன், பொக்காரா, முக்திநாத் என்று நாலையும் ஒரே வாரத்தில் திணிக்கிற பேக்கேஜ் என்றால் நமஸ்காரம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மலையைவிட முன்சீட்டின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

நான் போனது கோரக்பூர் வழி. அங்கிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ், மூன்று மணி நேரம். தோரணவாயிலை நடந்தே தாண்டலாம். தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ள வேண்டும். எல்லைக்குப் பக்கத்து ஊரான பைரஹவாவில் பிடித்த பொக்காரா பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். மடிப்புக் கலையாத சட்டை, டாக்கா தொப்பி, மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஃபைல். நம் ராணுவத்தின் கூர்க்கா ரெஜிமெண்டிலிருந்து ஓய்வு பெற்றவராம், பென்ஷன் விஷயமாகப் பொக்காரா போகிறார். ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். "வெலிங்டன்ல இருந்திருக்கேன், ஊட்டி வர்க்கி இன்னும் கிடைக்குதா?" என்று இந்தியில் கேட்டாரே பார்க்கலாம்! பால்பா மலைமேல் ஏறும் வளைவுகளில் பாதிப் பஸ் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, அவர் எனக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். "மலை காலைல ஒன்பது, பத்து வரைக்கும்தான் முகம் காட்டும், அப்புறம் மேகம் மூடிக்கும். அதனால ஒரே ராத்திரி தங்கிட்டு ஓடாதே. ஒரு காலை தப்பினாலும் இன்னொரு காலை கையில இருக்கணும்." சொன்ன மாதிரியே முதல் நாள், பொக்காராவுக்கு மேலே மலை பார்க்கிற இடமான சாரங்கோட்டில் வெறும் வெள்ளைத் திரைதான். மறுநாள் அதே இடத்தில் மச்சாபுச்ரே, உச்சியில் ஆரஞ்சு பூசிக்கொண்டு நின்றது. 6,993 மீட்டர். புனித மலை என்பதால் யாரையும் ஏற விடுவதில்லை.

குளிர்பிரியை:

ரயில் செலவு கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா சென்னையிலிருந்து கோரக்பூர் போகவே ரெண்டு நாள், வர ரெண்டு நாள். வேலைக்குப் போறவங்களுக்கு மிச்சம் என்னங்க இருக்கு? முன்கூட்டியே புக் பண்ணி டெல்லி வழியா காட்மாண்டுக்குப் பறந்துடுங்க. விமானத்துல விட்டதை அங்க சாப்பாட்டுலயும் தங்குறதுலயும் பிடிச்சிடலாம்.

எங்களுக்குக் கிடைச்ச நல்ல சிக்கனம் ஆஸ்திரேலியன் கேம்ப். பேரைப் பார்த்து மிரளாதீங்க, பொக்காராவுக்குப் பக்கத்துல இருக்கிற மலைமுகடு. உள்ளூர் பஸ்ல காண்டே வரைக்கும் போயி, ரெண்டு மணி நேரம் படி ஏறினாப் போதும். அன்னபூர்ணா பகுதி அனுமதிச் சீட்டு நம்மளையும் சேர்த்து சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரங்களுக்கு 1,000 நேபாள ரூபாய், மத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு 3,000. பொக்காராவிலேயே வாங்கிட்டுப் போயிடுங்க.

மேல ஒரு அக்கா நடத்துற விடுதியில தங்கினோம். ரூம் வாடகை ரொம்பக் கம்மி, ஆனா சாப்பாடு அங்கதான் சாப்பிடணும், அதுதான் மலை முழுக்க வழக்கம். வெந்நீருக்கும் போன் சார்ஜுக்கும் சில இடத்துல தனிக்காசு. பித்தளைத் தட்டுல சோத்துக் குன்று, கிண்ணத்துல பருப்பு, ஒரு பக்கம் கீரை, உருளைக்கிழங்கு, ஓரமா குந்த்ருக்னு புளிக்க வச்சுக் காயப்போட்ட கீரையில ஒரு ஊறுகாய். தால்பாத்னு சொல்ற இந்தச் சாப்பாட்டுக்கு ஒரே விலைதான், எத்தனை தடவை வேணா போடுவாங்க. என் வீட்டுக்காரர் கூச்சப்பட்டு ஒரு தடவையோட நிறுத்தினாரு. அந்த அக்கா கரண்டியும் கையுமா நின்னுக்கிட்டு, முகத்தைச் சுளிச்சு, "சமையல் நல்லா இல்லையா?"ன்னு கேட்டுட்டாங்க. அப்புறம் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டுத்தான் எழுந்தாரு. பர்கரு, பீட்சான்னு மெனு நீளமா இருக்கும். தொடாதீங்க, விலையும் ஜாஸ்தி, ருசியும் கிடையாது.

சாளக்கிராமம் ரிட்டர்ன்:

பெருமாள் சேவைக்காகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முக்திநாத் நம் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம். அதற்காகவே போகிறீர்கள் என்றால் வாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்குங்கள். கோயில் 3,700 மீட்டருக்கு மேல். பொக்காராவோ 800 மீட்டர் சொச்சம். ஒரே நாளில் ஜீப்பில் ஏறினால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் வரலாம். எங்கள் ஜீப் ஏஜெண்ட் ஒரே நாளில் ஏற்றி இறக்கிவிடுவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியிருந்தார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது என்றதும் "ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியில இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றார். சிலிண்டர் காலி. வழியில் இருக்கும் ஜோம்சோம் ஊரிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இரவு தங்கினோம். மறுநாள் அம்மா தெம்பாக ஏறினாள்.

ஜோம்சோமுக்குப் பொக்காராவிலிருந்து சின்ன விமானமும் உண்டு, இருபது நிமிஷம்தான். ஆனால் முற்பகலுக்கு மேல் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றில் விமானம் இறங்காது. காலையில் மேகம் வந்தாலும் ரத்துதான். அதை நம்பித் திரும்புகிற டிக்கெட்டை மறுநாளுக்கே போடாதீர்கள்.

கோயிலில் 108 தாரை, கல்லையும் உறைய வைக்கிற தண்ணீர். அம்மா ஒவ்வொன்றிலும் தலையை நீட்டிக்கொண்டே போனாள். பக்கத்துச் சந்நிதியான ஜ்வாலாமாயியில் மொட்டைத் தலையோடு, செந்நிற அங்கி போட்ட வயதான புத்த பிக்குணி இருந்தார். பெருமாள் கோயில் பிராகாரத்தில் இவருக்கென்ன வேலை என்று அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. அந்தக் கோயில் இரண்டு மதத்துக்கும் சொந்தம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள், அந்த அம்மாள் எழுந்து வந்து, நடுங்கிக்கொண்டிருந்த என் அம்மாவின் ஈரத்தலையைத் தன் மேல்துண்டாலேயே துவட்ட ஆரம்பித்துவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் அரைமணி நேரம் பேசினார்கள்.

கணக்குப்பிள்ளை:

காசு விஷயம். 100 ரூபாய் நோட்டாக நிறைய எடுத்துப் போங்க. 500ஐ நீட்டினால் பல கடைகளில் முகம் மாறும். 2024 மார்ச்சிலிருந்து நம் யுபிஐயிலும் அங்கே கட்டலாம், பெரிய ஊர்க் கடைகளில் க்யூஆர் இருக்கும், மலைமேல் நம்ப வேண்டாம். வார விடுமுறை சனிக்கிழமை, பேங்க் வேலை இருந்தால் அன்று வேண்டாம். தசரா சமயம் அவர்களுக்குத் தசைன் பண்டிகை, நம்ம ஊர் தீபாவளி பஸ் கூட்டமேதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்சரிவு, மலையும் தெரியாது. எனக்குப் பிடித்தது டிசம்பர் முதல் வாரம். குளிர் கடுமை, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், ரூமும் பேரம் படியும்.

புதுசா வந்தவன்:

ஆதார் போதுமா அண்ணா? பாஸ்போர்ட் இன்னும் எடுக்கல.

ஜன்னலோரம்:

போதாது தம்பி. பெரியவங்களுக்கு பாஸ்போர்ட் இல்லன்னா தேர்தல் ஆணையத்தோட வாக்காளர் அட்டை வேணும். 15க்குக் கீழ, 65க்கு மேல உள்ளவங்களுக்குத்தான் ஆதார் செல்லும். அட்டைல பேரும் டிக்கெட்ல பேரும் ஒண்ணா இருக்கான்னு இன்னிக்கே எடுத்துப் பாரு, இனிஷியலையும் சேர்த்து.