மொரீஷியஸ் – ரீயூனியன் இராத்திரிப் பயணம்: இன்னும் மனசில் அரிக்கிறதைச் சொல்லுங்க

தூத்துக்குடி கொண்டல்:

ஐப்பசி மாசம், மொரீஷியஸில் கோடான் மெரினா படகுத்துறையில் படகுகள் ஒவ்வொண்ணாக் காலியாகிட்டிருந்த நேரம். உங்களுக்கே தெரியும், நவம்பர் பிறந்தா புயல் பயம். எல்லாரும் ரீயூனியனைத் தொட்டுட்டுத் தென்னாப்பிரிக்கா பக்கம் டர்பனுக்கோ ரிச்சர்ட்ஸ் பேக்கோ ஓடுவாங்க. நான் இங்கே படகுப் பாய் தைக்கிற வேலை. ஒரு வயசான பிரெஞ்சுத் தம்பதி, 38 அடி யாட், அதாவது பாய்மரப் படகு, இராக்காவலுக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. தீபாவளிக்கு முந்தின நாள். வீட்டுக்காரி திட்டிக்கிட்டே அதிரசம் கட்டிக் குடுத்தா.

மத்தியானம் 3 மணிக்குக் கிளம்பினோம். கிழக்கேருந்து வர்ற கொண்டலும் தெற்கேருந்து வர்ற சோழகமும் கலந்த காத்து, இடது முதுகுப் பக்கமிருந்து தள்ளுச்சு. ஏறக்குறைய 130 கடல் மைல், 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகம், மறுநாள் மத்தியானம் போய்ச் சேரணும். என் காவல் ஒண்ணுலேருந்து நாலு. நிலா கிடையாது. வலது பக்கம் கார்த்திகைக் கூட்டம் மட்டும் தெளிவாத் தெரிஞ்சுது.

ரெண்டரை இருக்கும். பஸ் ஸ்டாண்டில் வண்டி நிக்கும்போது காத்து இறங்குமே, அந்த மாதிரி 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம், இடது காதுக்குப் பக்கத்தில். அப்புறம் நாத்தம். கருவாட்டுக் கிடங்குக் கதவைத் திறந்த மாதிரி. கன்னத்தில் பொடிப்பொடியா ஈரம். கையில் பாதி அதிரசம்.

பார்க்க ஒண்ணும் தெரியலை. ஆனா ஆழம் காட்டுற கருவி இருக்கில்ல, அந்த இடத்தில் அதுக்குத் தரை எட்டாது, வெறும் கோடுதான் காட்டும். அது 4.1ன்னு காட்டுச்சு. கொஞ்ச நேரம். மறுபடி கோடு.

நான் அவங்களை எழுப்பலை. பதிவேட்டில் 'காற்று 15 நாட், வேறு எதுவும் இல்லை'ன்னு எழுதிட்டேன். ஏன் அப்படி எழுதினேன்னு இன்னும் புரியலை.

ரோஸ்ஹில்காரி:

எனக்கு யாட் எல்லாம் பழக்கமில்லை. நான் போனது ட்ரோசெட்டியா என்ற பயணிகள் கப்பலில், அம்மாவோடு. ரீயூனியனில் சென்ட் ஆந்த்ரே பக்கம் ஒரு கோவில் கும்பாபிஷேகத்துக்காக எங்கள் கோவில் தீர்த்தத்தைச் சொம்பில் எடுத்துப் போனோம். மஞ்சள் நூல் சுற்றி, மாவிலை செருகி. இரவு முழுக்க அம்மாவுக்கு வாந்தி. என் பை, பக்கத்து அக்காவின் பை, யாரோ ஒருவருடைய தொப்பி, எதையும் விடவில்லை. மடியிலிருந்த சொம்பில் மட்டும் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை.

காலையில் இறங்கும் இடத்தில் சோதனை. பச்சை இலை, பழம் எதுவும் உள்ளே விடமாட்டார்களே, அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆள் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார். கையுறை போட்டுக்கொண்டு மாவிலைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிளாஸ்டிக் பையில் போட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் செய்தார். மொட்டையாக நின்ற அந்தச் சொம்பை அம்மா முந்தானையால் மூடிக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பும்வரை பேசவே இல்லை.

கடல்காகம்:

கொண்டல் தம்பி, அந்தப் 'புஸ்' சத்தம் திமிங்கிலம் மூச்சு விட்டதாகத்தான் இருக்கும். எந்தத் திமிங்கிலம் என்று சொல்கிறேன். ஐப்பசிக் கடைசியில் கூன்முதுகுத் திமிங்கிலம் அநேகமாகக் கிளம்பிப் போயிருக்கும். அது ஜூன் வாக்கில் குட்டி போட வந்து, அக்டோபரில் தெற்கே திரும்புகிற ஜாதி. உன் பக்கத்தில் மூச்சு விட்டது ஸ்பெர்ம் வேல் என்கிற திமிங்கிலமாகத்தான் இருக்கும். அம்பர் என்கிற வாசனைப் பொருள் குடலில் உண்டாகுமே, அதுதான். மொரீஷியஸ் மேற்குக் கரையில் தாயும் குட்டியுமாக வருஷம் முழுக்க இருக்கிறது. தூங்கும்போது கம்பம் நட்ட மாதிரி செங்குத்தாக நிற்கும். அதற்கு மூச்சுத் துளை ஒன்றுதான், தலையின் இடது முனையில். அதனால் ஊதல் முன்னாலும் இடதாகவும் சாயும். நேராக மேலே போனதா, சாய்ந்ததா? அதைக் கவனித்திருக்க வேண்டாமா? 4.1 என்பதும் நிச்சயமில்லை. மீன் கூட்டம் போனாலும் அந்தக் கருவி உளறும்.

என் அனுபவம் சின்னது. ரீயூனியனிலிருந்து இந்தப் பக்கம் திரும்பி வந்தேன், எதிர்காற்று, 34 மணி நேரம், பச்சைத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நேரத்தைக் கணக்குப் போட்டு வெளிச்சத்தில் துறைமுகம் சேருங்கள், இருட்டில் ரீயூனியனின் லெ போர்ட் துறைமுக வாசலில் முட்டி மோதாதீர்கள். ரீயூனியன் கரையை நெருங்கும்போது மீன் சேர்வதற்காக நங்கூரம் போட்ட மிதவைகள் உண்டு, அங்கே டேசேபே என்பார்கள், அதன் கயிறு சுக்கானில் சிக்கினால் அன்றைய பொழுது போச்சு. காவலில் தனியாக இருந்தால் இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டாமல் எழுந்திருக்காதே, சிறுநீர் கழிக்கக்கூட. அதில்தான் நிறையப் பேர் போகிறார்கள். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவி இருக்கிறது என்று கண்ணை மூடாதே, பல மீன்பிடிப் படகில் அது கிடையாது. 2020இல் மொரீஷியஸில் வாகாஷியோ மாதிரி ராட்சசக் கப்பலே பவளப்பாறையில் ஏறி நின்றது. திமிங்கிலம் பக்கத்தில் என்று தெரிந்தால் எஞ்சினைப் போடச் சொல்வார்கள், சத்தம் கேட்டு விலகலாம். இஞ்சி மென்றுகொண்டே இரு. எண்ணெய்ப் பலகாரம் கொண்டுபோகாதே, அதிரசம் எல்லாம் கடலுக்கு ஆகாது. தீபாவளிக்கு வீட்டில் இருந்திருக்கலாம், அது வேறு விஷயம்.

சென்ட் ஆந்த்ரே பேரன்:

வணக்கம். நான் ரீயூனியன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் தமிழ் போய் மூன்று தலைமுறை, நான் வகுப்பில் படித்தது.

2007 ஏப்ரல், புயல் பருவம் முடிகிற நேரம், நண்பனின் படகில் மொரீஷியஸிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கூட வந்த மூன்று பேரும் ஐரோப்பியர். இரவில் இடது பக்கம் தூரத்தில் மேகத்தின் அடிவயிறு மட்டும் சிவந்து, மங்கி, மறுபடி சிவந்தது. கப்பல் எரிகிறது என்று ஒருவர் ரேடியோவை எடுத்துவிட்டார். நான் சிரித்தேன், எங்கள் ஃபுர்னேஸ் எரிமலைதானே, சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அந்தத் தடவைதான் மலை உச்சியில் டொலோமியூ பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இடிந்து இறங்கியது, குழம்பு கடல்வரை வந்தது, அது எனக்குக் கரைக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்போது சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை வீடு தெற்கே, குழம்பு இறங்குகிற பக்கம்தான். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ரோஸ்ஹில் அக்கா, அந்தக் கும்பாபிஷேகம் எங்கே? எங்கள் பக்கம் மாமரம் இல்லாத வீடு கிடையாது. வந்த பிறகு யாராவது இலை கொடுத்தார்களா?

ரோஸ்ஹில்காரி:

கொடுத்தார்கள் தம்பி. அம்மா வாங்கவில்லை.

கொண்டல் அண்ணாவிடம் ஒரு கேள்வி. காலையில் அந்தத் தம்பதி ஒன்றுமே கேட்கவில்லையா?

தூத்துக்குடி கொண்டல்:

காகம் அண்ணே, ஊதல் சாஞ்சுதான்னு இருட்டில் யார் பார்த்தா. என் கன்னத்தில் பட்டுச்சு, அவ்வளவுதான் தெரியும். எஞ்சினைப் போடுற நினைப்பே வரலை. அதிரசத்தை நீங்க இழுத்திருக்க வேண்டாம்.

தங்கச்சி, அந்த அம்மா கேட்டாங்க. விடிஞ்சப்புறம், எதிரே பிட்டோன் தே நேஜ் மலை முழுசாத் தெரிய ஆரம்பிச்ச நேரம், காபி குடுத்துக்கிட்டே, "ராத்திரி யாரோட பேசிட்டிருந்தே?"ன்னு. கீழே படுத்திருந்தவங்க காதில் விழுந்திருக்கு. நான் வாயே திறக்கலைன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். "என்ன பேசினேன்?"னு கேட்டேன். தெரியலை, உன் பாஷைன்னாங்க. ரொம்ப நேரம் பேசினியாம்.