மகளுக்கு "மாயா" என்று பெயர் வைக்கலாமா? அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார்

செங்காங்_புதுஅப்பா

எல்லாருக்கும் வணக்கம். மகள் பிறந்து இன்றோடு 19 நாள். இங்கே சிங்கப்பூரில் பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும், ஆக மிச்சம் 23 நாள், வீட்டிலோ இன்னும் "பாப்பா" என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி சீனர். இரண்டு வீட்டுப் பெரியவர்கள் வாயிலும் நுழைகிற பெயராக இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் தேடினோம். யாழினி, கயல்விழி என்று நான் ஆசையாக எழுதி வைத்திருந்ததை எல்லாம் மாமியாரிடம் சொல்லச் சொல்லி, அவர் ழகரத்தில் படும் பாட்டைப் பார்த்துவிட்டு நானே அடித்துவிட்டேன். கடைசியில் எங்கள் இருவருக்கும் பிடித்தது மாயா. நட்சத்திரம் மகம், ம எழுத்து ஜோசியப்படியும் பொருந்துகிறது. மாமியாருக்கு ஏக சந்தோஷம். புத்தரைப் பெற்ற தாயின் பெயர், சீனத்தில் "மோயே" என்போம் என்று சொல்லி, குழந்தையை இப்போதே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

என் அம்மாதான் சிக்கல். பத்தியக் குழம்பு கொண்டுவந்தவர் டிபன் கேரியரை மேசையில் வைத்த கையோடு, "ஆணவம், கன்மம், மாயை. மும்மலத்துல ஒண்ணைத் தூக்கி யாராவது பிள்ளைக்குப் பேரா வைப்பாங்களாடா? மாய்ஞ்சு போறதும் அதுலதானே வருது?" என்றார். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்திருக்கும் மூன்று அழுக்குகளாம் இந்த மும்மலம். எனக்கு வாயே திறக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் அர்த்தம்? மற்ற மொழிகளில் ஏதாவது விபரீதமாக இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன்காரி

தம்பி, என் பேரே மாயாதான். 38 வருஷமாக ஒன்றும் மாய்ந்து போகவில்லை. ஒரே ஒரு தொல்லை உண்டு. மலாயில் "மாயா" என்றால் மெய்நிகர், அதாவது இணையவழி நடப்பது. நம் சமஸ்கிருதச் சொல்தான் அங்கே போய் இப்படி ஆகியிருக்கிறது. கோவிட் சமயத்தில் எல்லாக் கூட்டமும் "மெஷுவாராட் மாயா" ஆகிவிட, என் மலாய்த் தோழிகள் ஒவ்வொரு தடவையும் "இன்றைக்கும் உன் கூட்டமா?" என்று கேட்டு உயிரை வாங்கினார்கள். உங்கள் மகள் காலத்தில் கிண்டல் இன்னும் கூடலாம். மற்றபடி காப்பிக் கடையில் பேரைச் சொன்னால் சீன அங்கிளுக்கும் ஒரே தடவையில் புரிகிறது, அதுவே பெரிய நிம்மதி.

பெஞ்சு_தேய்த்தவன்

அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அவர் சைவம் படித்தவர் போலிருக்கிறது. ஆனால் அதே சித்தாந்தத்தையே அவரிடம் எடுத்துப் போகலாம். வேதாந்தம் மாதிரி சித்தாந்தம் மாயையைப் பொய்த்தோற்றம் என்று சொல்வதில்லை. உயிருக்கு உடம்பும் உலகமும் கொடுப்பதே மாயைதான், ஆணவ இருட்டில் விடியும்வரை எரிகிற விளக்கு மாதிரி என்பார்கள். மலம்தான், ஆனால் உதவுகிற மலம்! அதற்கும் முன்னால் வேதத்தில் மாயா என்றால் தேவர்களின் ஆற்றல், வியக்கவைக்கும் வேலைத்திறம். ஏமாற்று என்கிற அர்த்தம் மேலோங்கியது பிற்பாடுதான்.

இனி "மாய்ஞ்சு போறது". அது வேறு சொல், தமிழ் வினை. மாய்தல் என்றால் அழிதல். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் "மாயா" என்பது அதன் எதிர்மறை அல்லவா? வாடா மல்லி வாடாதது, அணையா விளக்கு அணையாதது, மாயாப் புகழ் அழியாத புகழ். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பள்ளியில் நம்மைப் படுத்திய அதே ஆசாமிதான். எச்சம் என்பதால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால்தான் முழுமை, அந்தப் பெயர்ச்சொல் உங்கள் மகளாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மாயோன் என்று திருமாலைச் சொல்வது இன்னொரு வழி, அதில் மா என்றால் கருமை. குறுந்தொகையில் தலைவியை "மாஅயோள்" என்றே அழைக்கிறார்கள், மாமை நிறத்தவள், மாந்தளிர் மாதிரி. பெண்ணின் நிறத்தைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தால் இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி_வானம்

கிரேக்கர்களிடமும் ஒரு மாயா உண்டு. ஹெர்மீஸ் என்ற தேவனின் தாய். ரோமில் அதே பெயரில் ஒரு தேவி, மே மாதத்துக்குப் பெயர் வந்தது அவளால் என்று சொல்வார்கள். அந்தக் கிரேக்க மாயா ஏழு சகோதரிகளில் ஒருத்தி, வானத்தில் அந்த எழுவர் யார் தெரியுமா? நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்! நாம் ஆறு பெண்கள் என்கிறோம், முருகனை வளர்த்தவர்கள். அவர்கள் ஏழு என்கிறார்கள். இதுவும் சமஸ்கிருத மாயாவும் தற்செயலாக ஒலி ஒத்தவை, வேர் ஒன்றல்ல, வாட்ஸப் மாமாக்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இஸ்ரேலிலும் மாயா நிறைய வைக்கிறார்கள், எபிரேயத்தில் தண்ணீருக்கு "மாயிம்", அதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயா மக்கள் தனி.

தேக்கா_வாசி

எல்லாம் சரி, தமிழில் பேருக்கா பஞ்சம்? மலர், நிலா, மீனா எல்லாம் சீன ஆயாவுக்கு வாயில் நுழையாதா?

ஈசூன்காரி

@தேக்கா_வாசி மாமியாருக்கும் மருமகனுக்கும் ஒத்துப்போகிற ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது, அதைப் போய்க் கலைக்காதீர்கள் ஐயா. தம்பி, எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எம்முக்கு அடுத்த ஏ விட்டுப்போனால் பர்மியப் பெயர் ஆகிவிடும். பர்மியக் கடைகள் நிறைந்த பெனின்சுலா பிளாசாவில் ஒரு கடைக்காரம்மா என் ரசீதில் அப்படித்தான் எழுதினார், கேட்டால் "ம்யா" என்றால் மரகதம் என்று சிரித்தார். திருத்தச் சொல்ல மனசு வரவில்லை.

செங்காங்_புதுஅப்பா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் விளக்கு விஷயத்தையும் மாயாப் புகழையும் சொன்னேன். பதிலே இல்லை, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது, "தமிழ்ல எழுதுறப்ப ஒழுங்கா மாயான்னு எழுது. எவனாவது மாயைன்னு எழுதினா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார். நாளைக்குப் பதிகிறோம்.