பிரெய்ரி வோல் ஜோடிப் பிணைப்புச் சோதனை: மருந்து கொடுக்காத குழுவிலேயே பாதி துணையை நாடவில்லை, எங்கே பார்ப்பது?

கேள்வி
பதிவர்: அக்கம்பென்ஸ்

வணக்கம். பிரெய்ரி வோல் என்பது ஜோடியாக வாழும், எலி போன்ற ஒரு சிறு விலங்கு. பெண் பிரெய்ரி வோல்கள் ஓர் ஆணோடு பிணைப்புக் கொள்வதில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனுக்கு என்ன பங்கு என்று பார்க்கும் சோதனை இது. 70 முதல் 100 நாள் வயதான, இதுவரை ஆணோடு சேராத பெண்கள். மூளையின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் இரு பக்கமும் கேனுலா (மருந்து செலுத்தும் நுண்குழாய்) பொருத்தி, ஒரு குழுவுக்கு ஆக்ஸிடோசின் ஏற்பித் தடுப்பான் (ஆக்ஸிடோசின் ஒட்டும் ஏற்பியை அடைக்கும் மருந்து), மறு குழுவுக்கு மருந்தில்லாத கரைசல். மருந்து போனதும் ஒவ்வொன்றும் ஓர் ஆணோடு 24 மணி நேரம். பிறகு மூன்றறைப் பெட்டியில் 3 மணி நேரம்: ஒரு முனை அறையில் துணை, மறு முனையில் அந்நிய ஆண், இரண்டையும் கட்டி வைத்திருக்கிறோம். பெண் எங்கும் போகலாம்.

மருந்தில்லாத குழுவிலேயே ஏறக்குறைய பாதி துணையின் பக்கம் சாயவில்லை. மென்பொருள் ஒவ்வோர் அறையிலும் கழிந்த நேரத்தைத் தருகிறது; துணைக்கும் அந்நியனுக்கும் இடையே குழுவாரியாகத் தனித்தனி டி-டெஸ்ட் (இரு சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டிருக்கிறோம். கேள்விகள் மூன்று. தவறு சோதனையிலா, விலங்குகளிலா? ஆக்ஸிடோசின் ஏற்பியின் மரபணுவை நீக்கிய வோல்களும் ஜோடி சேர்ந்தன என்று 2023இல் வந்த முடிவுக்குப் பிறகு இந்தத் தடுப்பான் சோதனைக்கு இன்னும் பொருள் உண்டா? இதோடு சேர்த்து, தாய்-சேய் ஜோடிகளில் உமிழ்நீர் ஆக்ஸிடோசின் அளக்கும் ஒரு சிறு மனித ஆய்வும் திட்டத்தில் இருக்கிறது. அதில் என்ன கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1
பதிவர்: கூண்டும் வைக்கோலும்

மூளையைத் தொடும் முன் சினைப்பருவத்தைப் பாருங்கள். உங்கள் விவரிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

பெண் பிரெய்ரி வோலுக்குச் சுண்டெலி போல நாலைந்து நாளுக்கு ஒருமுறை தானாகச் சுழற்சி வராது. உறவல்லாத ஆணின் சிறுநீர் வாடை மூக்கில் பட்ட பிறகுதான் அது பருவத்துக்கு வரத் தொடங்கும். கருமுட்டை வெளிப்படுவதும் இணைசேர்ந்த பின்னரே. அப்பனோ அண்ணன் தம்பியோ அருகில் இருந்தால் இது நடக்காது. வளர்ந்த மகள்கள் இனப்பெருக்கம் செய்யாமல் கூட்டிலேயே தங்கி, அடுத்த ஈற்றுக் குட்டிகளைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இதுவே. ஆக, இதுவரை ஆண் வாடையே அறியாத பெண்ணை நேராக ஓர் ஆணோடு விட்டு 24 மணியில் எடுத்தால், சில இணைசேர்ந்திருக்கும், சில பருவத்துக்கே வந்திருக்காது. உங்கள் குழு இரண்டாகப் பிளந்து நிற்பது இதோடு அப்படியே பொருந்துகிறது.

இணைசேராமலும் பிணைப்பு வரும். ஒரு நாளோ அதற்கு மேலோ கூடியிருந்த பெண்களிடம் அது தெரியும், ஆனால் விலங்குக்கு விலங்கு மிகவும் மாறும். இணைசேர்ந்தால் 6 மணி நேரமே போதும். இரு வகையும் ஒரே குழுவில் கலந்தால் சராசரிக்குப் பொருளே இல்லை.

வழி இரண்டு. எஸ்ட்ரடியால் பென்சோவேட் என்ற பெண் ஹார்மோன் ஊசியைச் சில நாள் முன்னதாகவே தொடங்கி, எல்லாப் பெண்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரலாம். அல்லது ஜோடி சேர்க்கும் முன் கம்பிவலைத் தடுப்புக்கு அப்புறம் ஓர் ஆணை வைத்து, அதன் அழுக்குப் படுக்கையையும் பெண்ணின் கூண்டில் போட்டு வரலாம். இரண்டாவது வழியில் ஒரு எச்சரிக்கை: வாடை கொடுத்த ஆண் பின்னால் அதே பெண்ணுக்குத் துணையாகவோ அந்நியனாகவோ வரக்கூடாது. வந்தால் பழக்கத்தின் கணக்கு குழம்பும்.

24 மணி நேரமும் அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் எடுங்கள். இணைசேர்ந்ததை நேராகப் பார்க்கலாம். படம் இல்லையென்றால் இன்னொரு கைப்பிடி உண்டு: கர்ப்பகாலம் ஏறக்குறைய 21 முதல் 22 நாள். சோதனை முடிந்த பெண்களை உடனே மூளைக்காக எடுக்காமல் விட முடிந்தால், ஈன்ற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து, கட்டி வைத்திருக்கும் ஆண்கள். துணையும் அந்நியனும் ஒரே வயது, ஒத்த எடை, ஒத்த அனுபவம் உள்ளவையாக இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் துணையே இன்னொரு பெண்ணுக்கு அந்நியன் என்று மாற்றி மாற்றி வைப்பது நல்லது. அப்போது இரண்டு ஆண்களும் 24 மணி நேரம் ஒரு பெண்ணோடு இருந்தவையாகிவிடும். தனியாகக் கிடந்த ஆணை அந்நியனாக வைத்தால் அது பதற்றமாகத் துள்ளும், பெண் ஒதுங்கும், நாம் அதைத் துணைமேல் உள்ள நாட்டம் என்று எழுதிவிடுவோம். கழுத்தில் கேபிள் டை, அதிலிருந்து சங்கிலி, நடுவில் தூண்டிலில் போடுகிற சுழல்கொக்கி. கொக்கி இல்லையென்றால் சங்கிலி முறுக்கிக்கொண்டு அரை மணியில் ஆண் அசைய முடியாமல் நிற்கும். கட்டுக்கு முன்கூட்டியே பழக்குங்கள். துணை எந்தப் பக்கம் என்பதை விலங்குக்கு விலங்கு மாற்றுங்கள்.

அளவீட்டுக்கு வருவோம். அறையில் இருந்த நேரம் பிணைப்பின் அளவு அல்ல. 1992இல் ஆய்வாளர் கார்ட்டரின் குழு இந்தச் சோதனையை வகுத்தபோதிலிருந்தே எண்ணிக்கைக்கு எடுப்பது, உடலோடு உடல் ஒட்டி அசையாமல் படுத்திருக்கும் நேரம். பெண் வோல் அந்நியனின் அறைக்குப் போய் முகர்ந்து பார்க்கும், சண்டைகூடப் போடும். அதுவும் அறை நேரத்தில் சேரும். துணையின் அறையில் மூலையில் தனியாகத் தூங்கினாலும் சேரும். இரண்டு விலங்கும் ஒட்டிக்கொண்டால் பல மென்பொருள்கள் அவற்றை ஒரே திட்டாகப் பார்த்து அடையாளத்தை மாற்றிப்போடும். ஆகவே ஒரு பகுதியைக் கண்ணால் எண்ணி, மென்பொருளின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள். எண்ணுகிறவருக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. முதல் அரை மணியில் பெட்டியைச் சுற்றிப் பார்ப்பதே அதிகம். சோதனையை 3 மணிக்கு நீட்டுவதன் காரணம் அதுதான், குறைக்க வேண்டாம்.

கடைசியாகக் கேனுலா. ஒரு பக்கத்துக்கு 0.5 மைக்ரோலிட்டருக்கு மேல் போனால் மருந்து அக்கம்பென்ஸோடு நிற்காது. மெதுவாகச் செலுத்தி, ஊசியை எடுக்கும் முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். இல்லையென்றால் மருந்து ஊசித் தடத்தின் வழியே மேலே ஏறும். மூளையை வெட்டிச் சாயமேற்றி இடத்தை உறுதி செய்யாத விலங்கை இலக்கில் பட்டதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே மருந்தை அருகிலுள்ள வேறொரு மூளைப் பகுதியான காடேட்டில் செலுத்திய ஒரு குழு இருந்தால் முடிவின் வலு பல மடங்கு கூடும். அறைக்கு அறை எத்தனை தடவை மாறியது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். மருந்து விலங்கை மந்தமாக்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

மறுமொழி 2
பதிவர்: பகுப்பாய்வுப் பலகை

புள்ளியியல் பகுதிக்கு மட்டும்.

கரைசல் குழுவில் துணைக்கும் அந்நியனுக்கும் வேறுபாடு தெரிகிறது, மருந்துக் குழுவில் தெரியவில்லை, ஆகவே மருந்து வேலை செய்தது என்று எழுதுவது இந்தத் துறையில் நிறைய நடக்கிறது. அது தவறு. ஒரு குழுவில் பி மதிப்பு (0.05க்குக் கீழே வந்தால் வேறுபாடு உண்டு என்று வழக்கமாக எடுக்கும் எண்) 0.04, மறு குழுவில் 0.07 என்றால் இரு குழுக்களும் வேறுபடுகின்றன என்று பொருளல்ல. குழுவுக்கும் ஆணின் அடையாளத்துக்கும் இடையிலான ஊடாட்டத்தை, அதாவது துணை-அந்நியன் வேறுபாடு குழுவுக்குக் குழு மாறுகிறதா என்பதை, நேராகச் சோதிக்க வேண்டும்.

ஒரே விலங்கு துணையோடு கழித்த நேரமும் அந்நியனோடு கழித்த நேரமும் தனித்தனி எண்கள் அல்ல. மொத்தம் 180 நிமிடம்தான். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். சார்பற்ற மாதிரிகளுக்கான டி-டெஸ்ட் இங்கே செல்லாது. ஒவ்வொரு விலங்குக்கும் துணை நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் விகிதத்தைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடலாம். ஆனால் மொத்தமே 4 நிமிடம் ஒட்டியிருந்த விலங்கில் அந்த விகிதம் வெறும் தற்செயல். குறைந்தபட்ச ஒட்டியிருப்பு எவ்வளவு என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். துணையோடு இரு மடங்கு நேரம் இருந்தால் பிணைப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை என்ற பழைய அளவுகோல் விவரிக்க உதவும். பகுப்பாய்வுக்கு அது தரவை வீணாக்குகிறது.

ஒரே ஈற்றுச் சகோதரிகள் எத்தனை பேர் ஒரு குழுவில் இருக்கிறார்கள்? ஈற்றை மாதிரியில் சேர்க்காவிட்டால் உங்கள் உண்மையான எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இந்த விலங்கில் இது கூடுதல் முக்கியம். தாய் தந்தை இருவரும் வளர்த்த குட்டிகளும் தாய் மட்டும் வளர்த்த குட்டிகளும் பெரியவையான பின் பிணைப்பில் வேறுபடுகின்றன. பிறந்த முதல் நாட்களில் கூண்டு மாற்றும்போது கையால் தூக்கினார்களா, கோப்பையில் எடுத்தார்களா என்பதுகூடப் பின்னால் நடத்தையில் தெரிகிறது என்று வோல் ஆய்வாளர் பேல்ஸின் குழு காட்டியிருக்கிறது. வளர்ப்புக்கூடப் பதிவேட்டை வாங்கி, தந்தை கூட்டில் இருந்தாரா, கூண்டு எந்த நாளில் மாற்றப்பட்டது என்பதைத் தரவோடு சேருங்கள்.

மறுமொழி 3
பதிவர்: ஏற்பி வரைபடம்

இரண்டாவது கேள்விக்கு: பொருள் உண்டு. ஆனால் கேள்வியைக் கூர்மையாக்க வேண்டும்.

1992இல் ஆய்வாளர்கள் இன்செலும் ஷாபிரோவும் பிரெய்ரி வோலையும் ஜோடி சேராத மொன்டேன் வோலையும் ஒப்பிட்டு, ஆக்ஸிடோசின் ஏற்பிகள் மூளையில் பரவியிருக்கும் இடமே வேறு என்று காட்டினார்கள். பிரெய்ரி வோலில் அக்கம்பென்ஸில் அவை அடர்த்தி. அங்கே தடுப்பானைச் செலுத்தினால் பெண்ணுக்குப் பிணைப்பு வருவதில்லை. காடேட்டில் செலுத்தினால் வருகிறது. ஆண்களில் வாசோப்ரெஸ்ஸின் என்ற இன்னொரு ஹார்மோனின் வி1ஏ ஏற்பி, வென்ட்ரல் பாலிடம், லேட்டரல் செப்டம் என்ற வேறு மூளைப் பகுதிகள் என்று வேறு கதை. அந்த ஏற்பியின் மரபணுவை மெடோ வோலின் வென்ட்ரல் பாலிடத்தில் ஏற்றியபோது, தனித்தே திரியும் அந்த இனத்து ஆணும் துணையை நாடியது என்ற முடிவு 2004இல் வந்தது. ஒரு மூலக்கூறு, ஒரு நடத்தை என்ற எளிய படம் அப்போது எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது.

2023இல் ஆய்வாளர் மனோலியின் குழு கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் ஆக்ஸிடோசின் ஏற்பியையே நீக்கிய வோல்களை வளர்த்தது. அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டியும் போட்டுப் பாலூட்டின. இரண்டு முடிவையும் சேர்த்துப் படியுங்கள். நீக்கம் கருவிலிருந்தே தொடங்குகிறது, வளரும் மூளை வேறு பாதை பிடிக்கலாம். தடுப்பான் முழு மூளை வளர்ந்த பின் சில மணி நேரம் வேலை செய்கிறது. அதோடு ஆக்ஸிடோசின் வி1ஏ ஏற்பியிலும் ஒட்டும், தடுப்பான்களும் ஒரே ஏற்பியோடு நிற்பதாகச் சொல்ல முடியாது. எனவே நீங்கள் கேட்கத் தகுந்தது, ‘இந்த ஏற்பி இல்லாமல் பிணைப்பு சாத்தியமா’ என்பதல்ல. ‘வளர்ந்த விலங்கில், இந்த இடத்தில், ஜோடி சேரும் அந்த நேரத்தில் இந்த ஏற்பி என்ன செய்கிறது’ என்பது. உங்கள் அமைப்பு அதற்குச் சரியாகவே பொருந்துகிறது. தடுப்பானின் தேர்வுத்தன்மை பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும், அவ்வளவே.

ஓர் இடைச்செருகல்: கட்டுரையில் ‘ஒருதுணை வாழ்க்கை’ என்று மட்டும் எழுதாதீர்கள். 1970களில் அமெரிக்காவின் இல்லினாயில் ஆய்வாளர் கெட்ஸ் வைத்த பொறிகளில் ஒரே ஆணும் பெண்ணும் திரும்பத் திரும்பச் சேர்ந்து மாட்டியதில் தொடங்கிய துறை இது. சேர்ந்து வாழ்வது உண்மை. ஆனால் பின்னாளில் மரபணுச் சோதனை செய்தபோது, சில குட்டிகளுக்குத் தந்தை வேறு ஆண் என்று தெரிந்தது. சோதனைப் பெட்டி அளப்பது கூடிப் படுக்கும் நாட்டத்தை. பாலுறவில் ஒருவரோடு மட்டும் நிற்பதை அல்ல.

மறுமொழி 4
பதிவர்: கூண்டும் வைக்கோலும்

மனிதப் பகுதிக்கு என் கருத்து: உமிழ்நீர் ஆக்ஸிடோசினை முதன்மை அளவாக வைக்காதீர்கள்.

பெப்டைடை, அதாவது ஆக்ஸிடோசினை, மாதிரியிலிருந்து பிரித்தெடுக்கும் படி இல்லாமல் எலைசா கிட்டில் (எதிர்ப்புரதம் கொண்டு அளவு காணும் சோதனைத் தொகுப்பு) நேராக ஊற்றினால், இரத்தப் பிளாஸ்மாவிலேயே பிரித்தெடுத்த மாதிரியைவிடப் பல பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்குக்கும் மேல் எண் வரும். அந்த எண் பெரும்பாலும் மற்றப் புரதங்களின் குறுக்கீடு. இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. உமிழ்நீரில் செறிவு இன்னும் குறைவு, ஆகவே கருவியின் கீழ் எல்லையைத் தொட்டுக்கொண்டே நிற்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால்: குளிரூட்டிய குழாய், உடனே பனிக்கட்டி, 4 டிகிரியில் மையவிலக்கு, மைனஸ் 80இல் சேமிப்பு, பிரித்தெடுப்பு கட்டாயம். தாய் கடைசியாகப் பால் கொடுத்த நேரத்தைக் குறிக்காத மாதிரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாலூட்டும்போது இரத்தத்தில் ஆக்ஸிடோசின் விட்டுவிட்டு எழும், சில நிமிடங்களில் பாதியாகிவிடும்.

அந்தப் பணத்தை நடத்தைப் பதிவில் போடுங்கள். தாயும் குழந்தையும் 10 நிமிடம் இயல்பாக விளையாடும் காணொளி, தாய் முகமும் குழந்தை முகமும் தெரிய இரண்டு கேமரா. உளவியலாளர் ட்ரானிக் 1978இல் வெளியிட்ட அசையாமுகச் சோதனையையும் சேர்க்கலாம்: விளையாட்டு, பிறகு தாய் முகத்தை அசைக்காமல் பேசாமல் இருப்பது, பிறகு மீண்டும் விளையாட்டு, ஒவ்வொன்றும் சுமார் 2 நிமிடம். குழந்தை அடங்காமல் அழுதால் எந்த விநாடியில் நிறுத்துவது என்ற விதியை ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். குறியிட இரண்டு பேர், ஐந்தில் ஒரு பங்கு காணொளியை இருவருமே குறியிட்டு, ஒத்துப்போவதைக் கப்பா எண்ணால் பாருங்கள். 0.7க்குக் கீழே வந்தால் குறியீட்டு விளக்கத்தைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். பசியும் தூக்கமும் குழந்தையின் நடத்தையைப் புரட்டிப் போடும். ஆகவே சோதனை நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து வைக்க வேண்டாம், குழந்தை தூங்கி எழுந்து பால் குடித்த பின் என்று வையுங்கள்.