அம்மாவுக்கு முழு உடல் பெட் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: முக்கூடலில் இருந்து ஒரு மகள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, கீமோவும் கொடுத்தார்கள். தேறி, மறுபடி பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார். இப்போது இடது கால் மட்டும் வீங்குகிறது. மெட்டியைத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் கழற்றினோம். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிறது என்கிறார். சி.டி. ஸ்கேனில் பழைய இடத்தில் தடிப்பு தெரிகிறது. தழும்பா, நோயா என்று சொல்ல முடியவில்லையாம். முழு உடலுக்கும் பெட் சி.டி. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். நோய் அடிவயிற்றில்தானே, கழுத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்கிறார் மாமா. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு.

பதில்: பாளையங்கோட்டை, ஸ்கேன் பிரிவில் வேலை

தங்கச்சி, தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் திரும்பும். ஒற்றைக் கால் வீக்கத்தைச் சாதாரணமாக விடக் கூடாது.

பெட் ஸ்கேனுக்கு ஊசியில் போடுவது குளூக்கோஸ் போன்ற ஒரு மருந்து. புற்றுநோய்ச் செல்கள் அதை ஆவலாக இழுத்துக்கொள்ளும்; ஆறிய தழும்பு அவ்வளவு இழுக்காது. மாமாவிடம் சொல்லுங்கள்: இந்த நோய் நிணநீர் வழியே முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறி, இடது காறையெலும்புக்கு மேல், கழுத்தில் நெறியாக வரலாம், நுரையீரலுக்கும் போகலாம். இடுப்புக்குள் மட்டும் இருந்தால் பெரிய அறுவை சிகிச்சையைக்கூட யோசிப்பார்கள். வெளியே பரவியிருந்தால் அந்த வேதனையை அம்மாவுக்கு வீணாகக் கொடுக்கக் கூடாது.

ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், கருப்பட்டிக் காபி கூடாது. சர்க்கரை பொதுவாக 200-க்குக் கீழே இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிட்டால் குடல் பளிச்சென்று தெரிந்து குழப்பும். நிறுத்துவதா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். மருந்து சிறுநீரில் இறங்குவதால், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் பக்கத்தில் உள்ளது மறைந்துபோகும். நம் பெண்கள் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்கிறார்கள். நான் சண்டை போட்டாவது சிறுநீர் கழிக்க அனுப்பிவிட்டுத்தான் மேசையில் ஏற்றுவேன்.

பதில்: கல்லிடைக்குறிச்சி

என் மதினிக்குப் பெட் ஸ்கேனில் கழுத்து நெறி ஒளிர்ந்தது. வீடே இடிந்து உட்கார்ந்தது. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தால் காசநோய்! மாத்திரையில் குணமாகிவிட்டார். பயாப்சி பார்க்காமல் எந்த முடிவுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள் அம்மா.

முக்கூடல் மகள்

நன்றி அக்கா. மாமா சம்மதித்துவிட்டார். வீட்டில் என் கைக்குழந்தை இருக்கிறதே?

பாளையங்கோட்டை

ஸ்கேன் எடுத்த அன்று அம்மா பிள்ளையைத் தூக்க வேண்டாம். அந்த மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் தாராளமாகத் தூக்கிக்கொள்ளட்டும்.